ஆசிரியரைக் கேட்காமல் வந்த கருவி

பள்ளிக் கல்வியில் டிஜிட்டல் புரட்சி நடந்துகொண்டிருக்கிறது என்று மத்திய அரசும் மாநில அரசுகளும் மேடைதோறும் முழங்கி வருகின்றன. செயலிகளின் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. எத்தனை கோடி முறை பாடங்கள் பார்க்கப்பட்டன என்ற கணக்கு வாசிக்கப்படுகிறது. திறப்பு விழாப் படங்கள் நாளேடுகளில் வருகின்றன. இந்த முழக்கங்களுக்கு நடுவே ஒரு குரல் மட்டும் கேட்கவில்லை. அந்தக் கருவிகளை நாள்தோறும் கையில் எடுத்து, பிள்ளைகள் முன் நின்று பாடம் நடத்தும் ஆசிரியரின் குரல் அது.

2024-25-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் பள்ளிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை முதன்முறையாக 1 கோடியைத் தாண்டியிருக்கிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். இந்த 1 கோடி பேரின் வேலையை அடியோடு மாற்றும் ஒரு திட்டம், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே வகுக்கப்பட்டு, சுற்றறிக்கையாகத் தலைமையாசிரியர் மேசைக்கு வந்து சேர்கிறது. ஒரு தொழிற்சாலையில் புதிய இயந்திரம் இறக்கினால் தொழிற்சங்கத்தை அழைத்துப் பேச வேண்டும் என்பது நாமறிந்த நியாயம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் பொருந்தாமல் போயிற்று?

இதைப் பற்றி வெளிமாநிலத் தமிழரின் ஏடு ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பிழைப்புத் தேடி வந்த ஊரில் நமக்கு நிலம் இல்லை. சொந்தக் கூரை இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்க நம்மிடம் இருப்பது படிப்பு ஒன்றுதான். அந்தப் படிப்பையும் விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் மாநகராட்சிப் பள்ளியையே நம்பியிருக்கிறார்கள். மும்பை மாநகராட்சி 8 மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் குடியிருக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்தப் பள்ளியின் ஆசிரியை சரியாகச் சொல்லிக் கொடுக்க முடியாமல் போனால், ஈடு செய்ய டியூஷன் வாத்தியாரும் இல்லை, படித்த தாய் தந்தையும் இல்லை. ஆகவே ஆசிரியையின் கையைக் கட்டும் எதுவும் நம் பிள்ளைகளின் காலைக் கட்டுவதே ஆகும்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கருவிகளின் மீது நமக்குப் பகை இல்லை. அச்சு இயந்திரம் வந்தபோது ஏட்டுச் சுவடியைக் கட்டிக்கொண்டு அழுதவர்களின் கட்சியில் நாம் இல்லை. கருவி யாருக்காக வருகிறது, யார் செலவில் வருகிறது, யார் மொழியில் பேசுகிறது என்பவையே நம் கேள்விகள்.

பழைய பாடங்கள்

வகுப்பறைக்குள் இயந்திரம் நுழைவது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1961-இல் டில்லியின் உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சி வழியே பாடம் ஒளிபரப்பினார்கள். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டு காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றைக் கடனாகப் பெற்று, 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு என அந்தந்தப் பகுதியின் மொழியில் நிகழ்ச்சிகள் தயாரிக்கப்பட்டன. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சியும் அதன் வழியே அளிக்கப்பட்டது. மின்சாரம் எட்டாத ஊர்களில் மின்கலத்தை வைத்துப் பெட்டியை ஓட்டினார்கள். பழுது பார்க்க ஆள் வைத்தார்கள். மக்கள் மொழி, பழுது பார்க்க ஆள், ஆசிரியருக்குப் பயிற்சி ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணிய முயற்சி என்பதால்தான் இன்றும் அதைப் பாராட்டிப் பேசுகிறோம். ஆனால் கோள் நமதன்று. ஓராண்டு முடிந்ததும் உடைமையாளர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஒளிபரப்பும் நின்றது.

அடுத்து 1984-85-இல் பள்ளிகளுக்குக் கணிப்பொறி வந்தது. பிபிசி மைக்ரோ என்ற அந்தப் பெட்டி பிரிட்டனிலிருந்து வந்தது. உடன் வந்த பாடப் பொதிகள் ஆங்கிலம் பேசின. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2010-இல் அதன் ஆயுள் முடிந்தது. 2011 அக்டோபரில் உலகிலேயே மலிவானது என்று ஆகாஷ் டேப்லெட் அறிமுகமாயிற்று. சில ஆண்டுகளில் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. 2015-இல் மும்பை மாநகராட்சி, புத்தகச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 8-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு டேப் வழங்கியது. நல்ல எண்ணந்தான். ஆனால் பேட்டரி செத்தால் யார் மாற்றுவது, பாடத்திட்டம் மாறினால் யார் புதிய பாடத்தை ஏற்றுவது, தரையில் விழுந்து கண்ணாடி உடைந்தால் யார் பணம் கட்டுவது என்ற கேள்விகள் ஒவ்வொரு முறையும் விழா முடிந்த பிறகே எழுகின்றன. அப்போது பதில் சொல்ல யாரும் இருப்பதில்லை.

அறுபதாண்டு வரலாறு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. வாங்குவதற்குப் பணம் கிடைக்கிறது, பேணுவதற்குக் கிடைப்பதில்லை. பெட்டிக்கு ஒதுக்கீடு உண்டு. பெட்டியின் முன் நிற்கும் ஆசிரியருக்கு ஒதுக்கீடு இல்லை.

கொரோனா காட்டிய உண்மை

2017 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று, அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் வெங்கையா நாயுடு தீக்ஷா என்னும் தளத்தைத் தொடங்கி வைத்தார். ஆசிரியர்களுக்கான தேசிய மேடை என்று அது போற்றப்பட்டது. இரண்டரை ஆண்டுகள் கழித்துக் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. மே 17-ஆம் நாள் மத்திய நிதியமைச்சர் பிஎம் இ-வித்யா திட்டத்தை அறிவித்தார். வகுப்புக்கு ஒரு தொலைக்காட்சி சேனல், கைப்பேசியில் பாடம், வானொலியில் பாடம் என்று பட்டியல் நீண்டது.

தரையில் நிலைமை என்ன? 2019-20-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி நாட்டின் பள்ளிகளில் 22 விழுக்காட்டில் மட்டுமே இணைய இணைப்பு இருந்தது. அரசுப் பள்ளிகளில் அது 12 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பள்ளிக்கே இணைப்பு இல்லாத நாட்டில் பிள்ளையின் வீட்டுக்கு இணைப்பு இருக்கும் என்று நம்பித் திட்டம் போட்டார்கள்.

2020-இல் அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 5 மாநிலங்களில் ஆய்வு ஒன்று நடத்தியது. 60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இணையவழிக் கல்வி எட்டவில்லை என்று அது கண்டது. ஆசிரியர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பிள்ளைகளோடு மனத்தொடர்பு கொள்ள முடியவில்லை என்றார்கள். பிள்ளை கற்றதா இல்லையா என்று பொருளுள்ள வகையில் மதிப்பிடவே முடியவில்லை என்றவர்கள் 90 விழுக்காட்டினர். பாதிக்கு மேற்பட்டோர் தங்களுக்கு இந்தத் தளங்களில் போதிய பழக்கம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். இதைவிடத் தெளிவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

மும்பையில் 1 முதல் 7 வரையிலான வகுப்புகள் 2021 டிசம்பர் 15-இல்தான் திறந்தன. ஜனவரியில் மறுபடி மூடி, 24-ஆம் நாள் மீண்டும் திறந்தார்கள். ஏறத்தாழ 21 மாதங்கள் ஒரு தலைமுறையின் தொடக்கப் படிப்பு கைப்பேசித் திரைக்குள் அடைபட்டுக் கிடந்தது.

அந்த மாதங்களைப் பற்றித் தமிழ்வழி ஆசிரியைகள் சிலர் நம் சங்கத்துக்கு வந்து பேசினார்கள். பெயர்களையும் பள்ளிகளையும் இங்கே தரவில்லை. காரணம் வாசகர்களுக்குப் புரியும்.

"அண்ணாச்சி, என் வகுப்பில் 34 பிள்ளைகள். வாட்ஸ்அப் குழுவில் 21 எண்கள்தான் சேர்ந்தன. அதிலும் காலையில் போனை எடுப்பவர் பாதிப்பேர். மற்றவர்களுக்கு இரவு 9 மணிக்கு மேல்தான் பாடம். தகப்பனார் வேலை முடிந்து போனோடு வந்தால்தானே பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்?" என்றார் ஒருவர். ஒரு தாய் தமக்கு அனுப்பிய குரல் பதிவையும் கேட்கக் கொடுத்தார்: "டீச்சர், அவுக அப்பா போனைக் கொண்டுட்டு வேலைக்குப் போயிருக்காவ. ராத்திரி வந்ததும் பார்த்து எழுதச் சொல்லுதேன்." ஒரே போன், மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்புகள் என்ற வீடுகளில் போன் அண்ணனுக்கே போயிற்று என்றும், தங்கை சமையலுக்குப் போனாள் என்றும் அவர் சொன்னபோது கூடியிருந்தவர்கள் பேசாமல் இருந்தார்கள்.

முதல் வகுப்பு ஆசிரியை ஒருவரின் துன்பம் வேறு. பிள்ளை பென்சிலை எப்படிப் பிடிக்கிறது என்று திரையில் தெரியாது. 'அ' எழுதக் கையைப் பிடித்துச் சுழிக்க முடியாது. "ல, ள, ழ மூன்றையும் நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று வாயைக் காட்டித்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். நெட் இழுத்து இழுத்து வரும்போது மூன்றும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. பள்ளி திறந்து பிள்ளைகள் வந்தபோது இரண்டாம் வகுப்புப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று" என்றார். இலவசச் செயலியோ 40 நிமிடத்தில் தானே அறுந்துவிடும். மறுபடி எல்லோரையும் கூட்டுவதற்குள் அடுத்த வேலைக்கு நேரமாகிவிடும். பத்துக்குப் பத்து அறையில் தம் சொந்தப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, குக்கர் சத்தத்துக்கு நடுவே பாடம் நடத்திய இவர்களுக்கு ரீசார்ஜ் பணம் யார் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. போனும் அவர்களுடையதே, கட்டணமும் அவர்களுடையதே.

இத்தனைக்கும் நடுவே அவர்கள் நன்மைகளையும் மறைக்கவில்லை. ஊரடங்கில் திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பிப் போன குடும்பத்தின் பிள்ளை, அங்கே திண்ணையில் உட்கார்ந்து மும்பை ஆசிரியையின் பாடத்தைக் கேட்டது. கருவி இல்லையேல் அந்தப் பிள்ளை பள்ளியை அடியோடு விட்டிருக்கும். வகுப்பில் வாயே திறக்காத சிறுமி ஒருத்தி, யாரும் பார்க்காத தைரியத்தில் பாடத்தை உரக்கப் படித்துக் குரல் பதிவாக அனுப்பினாள். இதயம் சுருங்கி விரிவதையும் கிரகணம் உண்டாவதையும் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிடத் திரையில் காட்டுவது நன்றாகவே புரிகிறது. ஆசிரியர் விரும்பி எடுத்தால் கருவி உதவுகிறது. ஆசிரியர் மீது திணித்தால் சுமையாகிறது. அந்தக் கூட்டத்தில் நாம் கேட்டறிந்த பாடம் இதுவே.

பரிதேவாடி காட்டும் வழி

இதற்குச் சிறந்த சான்று மகாராஷ்டிரத்திலேயே இருக்கிறது. சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடி என்னும் சிற்றூரின் ஜில்லா பரிஷத் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் ரஞ்சித்சிங் திசாலே. அவர் 2009-இல் வந்து சேர்ந்தபோது பள்ளி, மாட்டுக் கொட்டகைக்கும் சாமான் கிடங்குக்கும் நடுவே இடிந்து கிடந்தது. பாடநூலின் மொழி அந்தப் பிள்ளைகளின் தாய்மொழி இல்லை. அவர் அந்த ஊரிலேயே குடியேறினார். பிள்ளைகள் பேசும் மொழியைக் கற்றார். பாடங்களை அவர்கள் மொழியில் ஆக்கினார். அதன் பிறகுதான் பாடநூலின் பக்கங்களில் கியூஆர் குறிகளை ஒட்டி, போனில் தொட்டால் பாட்டும் கதையும் பாடமும் கேட்கும்படி செய்தார். பிறகு மாநில அரசே அம்முறையைத் தன் பாடநூல்களில் ஏற்றது. 2020 டிசம்பரில் உலக ஆசிரியர் விருதும் 10 லட்சம் டாலரும் அவருக்குக் கிடைத்தன. அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற 9 ஆசிரியர்களுக்குப் பகிர்ந்தளித்தார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆசிரியர் வந்தார். அடுத்துப் பிள்ளைகளின் மொழி வந்தது. கருவி கடைசியாக வந்தது. நம் ஆட்சியாளர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கருவியை முதலில் அனுப்பி, மொழியை மறந்து, ஆசிரியரைக் கடைசியில் நிறுத்துகிறார்கள். கியூஆர் குறியை மட்டும் படியெடுத்தவர்கள் அந்த மனிதர் பட்ட பாட்டைப் படியெடுக்கவில்லை.

நம் மொழி எங்கே?

தமிழ்வழி ஆசிரியைகளின் தனிக் குறை இங்கேதான் தொடங்குகிறது. மகாராஷ்டிரத்தின் பாடநூல் நிறுவனமான பாலபாரதி தமிழிலும் பாடநூல் அச்சிடுகிறது. மராத்தியில் அச்சிடும் அதே பாடந்தான். மொழி மட்டும் தமிழ். ஆனால் அந்தத் தமிழ்ப் பாடத்துக்கு ஒத்த காணொளியைத் தேடினால் வருவதெல்லாம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஆனவை. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் நல்ல பாடங்கள் உண்டு. கணக்கும் அறிவியலும் ஓரளவுக்கு நம் பிள்ளைகளுக்கும் உதவின. வரலாற்றுக்கு என்ன செய்வது? மகாராஷ்டிரத்தில் 4-ஆம் வகுப்புப் பிள்ளை சத்ரபதி சிவாஜியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் காணொளியில் அந்தப் பாடம் இல்லை. இங்குள்ள மராத்திக் காணொளியோ பிள்ளைக்கு முழுதும் புரிவதில்லை. கடைசியில் ஆசிரியையே இரவு கண் விழித்து, தாமே பேசி, தம் போனிலேயே பதிவு செய்து அனுப்பினார். அந்த உழைப்புக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை, அதைச் சேமித்து அடுத்த ஆண்டு மற்றொரு பள்ளிக்குக் கொடுக்க வழியும் இல்லை.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த குறை என்று எண்ண வேண்டாம். இதே நகரில் தெலுங்கு, கன்னட, குஜராத்தி வழியில் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். காட்டிலும் மலையிலும் வாழும் பழங்குடிப் பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். சிறுபான்மை மொழிப் பிள்ளை எந்த மாநிலத்தில் இருந்தாலும் தன் மொழியில் பாடம் பெறும் வசதியை அளிக்க முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு மாநிலங்களுக்குக் கடமை விதித்திருக்கிறது. அச்சுப் புத்தகத்துக்கு உள்ள அந்தக் கடமை திரைக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

ஆசிரியரா, எழுத்தரா?

இன்றைக்கு ஆசிரியர்களை மிகவும் வாட்டுவது பாடத் தளங்கள் அல்ல, புள்ளிவிவரத் தளங்கள். மாணவர் விவரம் ஒரு தளத்தில், மதிய உணவுக் கணக்கு இன்னொன்றில், வருகைப் பதிவு மற்றொன்றில், பயிற்சிச் சான்றிதழ் வேறொன்றில் என்று காலை முதல் மாலை வரை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சர்வர் கிடைக்காவிட்டால் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் எழுந்து ஏற்ற வேண்டும். "பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு நான் போனைத் தடவிக்கொண்டிருக்கிறேன், இதுதான் டிஜிட்டல் கல்வி" என்று கசப்போடு சொன்னார் ஓர் ஆசிரியை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 27-ஆம் பிரிவில் ஒன்றை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்தக் கல்விசாரா வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது. தரவு ஏற்றும் வேலை இந்த மூன்றில் எதில் அடங்குகிறது? சட்டம் வகுப்பறையின் வாசலில் காவல் நிற்கிறது. தளங்கள் ஆசிரியையின் கைப்பைக்குள் இருக்கும் போன் வழியே உள்ளே வந்துவிட்டன.

இதில் நம்மவர்க்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தே நமக்குத் தலைப்பெழுத்து. இங்குள்ள படிவமோ பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டம் கேட்கிறது. ஆதாரில் ஒரு விதம், பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதம், பிறப்புச் சான்றில் ஒரு விதம். அபார் என்ற மாணவர் அடையாள எண் உருவாக்கச் சொன்னபோது இந்தப் பொருத்தமின்மையால் பதிவு ஏற மறுத்தது. அந்த எண் பெற்றோர் ஒப்புதலின் பேரில் மட்டுமே என்று கல்வி அமைச்சகம் சொல்கிறது. ஆனால் எண் உருவாகாத பள்ளிக்கு மேலிடத்திலிருந்து வரும் நச்சரிப்பு ஆசிரியைக்குத்தான். கூலி வேலையை விட்டுவிட்டுத் தாய் ஆதார் மையத்துக்கு நடக்கிறாள். ஆசிரியை வகுப்பை விட்டுவிட்டு அவளுக்குப் படிவம் நிரப்புகிறார்.

பயிற்சியின் கதையையும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய நிஷ்டா பயிற்சி, 42 லட்சம் தொடக்கக் கல்வி ஆசிரியர்களை இலக்காகக் கொண்டது. 2020 அக்டோபர் முதல் அது இணையத்துக்கு மாறியது. நேரில் கூடி, பேசி, விவாதித்துக் கற்க வேண்டியது, வீட்டில் காணொளியை ஓடவிட்டுக் கேள்விக்குக் குறி போட்டுச் சான்றிதழ் இறக்கும் சடங்காகப் பலருக்குச் சுருங்கிவிட்டது. காணொளி ஓடும்போதே பாத்திரம் கழுவினோம் என்று ஆசிரியைகள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கு முன், பள்ளி நேரத்தில் பயிற்சிக்கு இடம் கொடுக்காதவர்களைக் கேளுங்கள்.

யார் உடைமை?

தளத்தில் ஏற்றிய விவரம் எங்கே போகிறது என்று ஆசிரியர்களுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, 49 நாடுகளில் கொரோனா காலத்தில் பயன்பட்ட 163 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. அவற்றில் 89 விழுக்காடு, பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு விளைவிக்கும் வகையில் தரவைக் கையாண்டதாகத் தெரிவித்தது. 2023 ஜனவரியில், தீக்ஷா தளத்தில் பதிந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவை பாதுகாப்பின்றித் திறந்து கிடந்த செய்தியை வயர்டு இதழ் வெளியிட்டது. சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டுப் பதிந்தவர்களின் நிலை இது. பதியாதவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வருகிறது. பதிந்தவரின் விவரம் தெருவுக்கு வந்தால் விளக்கம் சொல்ல ஆளில்லை.

தனியார் வணிகத்தின் கதையும் நம் கண்முன்னே நடந்ததுதான். 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளதாகக் கொண்டாடப்பட்ட கல்விச் செயலி நிறுவனமான பைஜூஸ், 2024 ஜூலையில் நொடிப்பு நடவடிக்கைக்குள் தள்ளப்பட்டது. கொரோனா காலத்தில் வளர்ந்த வணிகத்தின் ஆயுள் அவ்வளவுதான். நிறுவனங்கள் வரும், போகும். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை நேற்றும் வந்தார், இன்றும் வருகிறார், நாளையும் வருவார். பொதுப்பணத்தை யாரிடம் நம்பிக் கொடுப்பது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையா?

2023-இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனையின் பேரில் வருகிறது என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டது. உலக மன்றம் கேட்கும் கேள்வியைத்தான் தாராவியின் ஆசிரியையும் கேட்கிறார்.

திரை ஆசிரியராகாது

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இருப்பதற்குத் திரை ஒரு சாக்காகிவிடும் ஆபத்து அது. 2024-25-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தான் இருக்கிறார். அவற்றில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். அதே ஆண்டில் இணைய இணைப்புள்ள பள்ளிகள் 63.5 விழுக்காடாக உயர்ந்திருக்கின்றன. ஐந்தாண்டில் 22-இலிருந்து 63-க்கு வந்தது வரவேற்கத்தக்க வளர்ச்சிதான். ஆனால் கம்பி இழுத்த வேகத்தில் ஆசிரியரை ஏன் நியமிக்கவில்லை? ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புக்கும் பாடம் எடுத்து, மதிய உணவையும் கவனித்து, தளங்களிலும் விவரம் ஏற்றுகிற பள்ளிக்கு ஸ்மார்ட் பலகை மாட்டி என்ன பயன்?

ஆகவே அரசுகளின் முன் இக்கோரிக்கைகளை வைக்கிறோம்.

பள்ளி வேலைக்கான கைப்பேசியும் இணையக் கட்டணமும் அரசின் செலவாக வேண்டும். ஆசிரியரின் சம்பளத்திலிருந்து ஒரு காசும் போகக் கூடாது.

27-ஆம் பிரிவை மதித்து, தரவு ஏற்றும் வேலைக்குப் பள்ளிதோறும், அல்லது சில பள்ளிகளுக்கு ஒருவராக, எழுத்தர் நியமிக்க வேண்டும். ஒரு விவரத்தை ஒரு முறை மட்டுமே கேட்க வேண்டும்.

பாலபாரதியின் தமிழ்ப் பாடநூலுக்கு ஒத்த காணொளிப் பாடங்களைத் தமிழ்வழி ஆசிரியர்களைக் கொண்டே, ஊதியம் கொடுத்து, அவர்கள் பெயரோடு தயாரிக்க வேண்டும். பிற சிறுபான்மை மொழிகளுக்கும் அதுவே முறையாகட்டும்.

கருவி வாங்கும்போதே ஐந்தாண்டுப் பழுதுபார்ப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும். எதை வாங்குவது என்று முடிவு செய்யும் குழுவில் வகுப்பறை ஆசிரியர்களுக்கு இடம் வேண்டும்.

பயிற்சி பள்ளி நேரத்தில், நேரில், நடக்க வேண்டும். பிள்ளைகளின் விவரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பெற்றோருக்கு அவர்கள் மொழியில் எழுதித் தர வேண்டும். பெயர் எழுதும் நம் வழக்கத்துக்குப் படிவத்தில் இடம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

நம் பெற்றோருக்கும் ஒரு சொல். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்கு அளித்திருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அந்தக் கூட்டத்துக்குப் போய் வராதீர்கள். எங்கள் பிள்ளையின் வகுப்புக்கு ஆசிரியர் இருக்கிறாரா, அவர் பாடம் நடத்த விடப்படுகிறாரா, வாங்கிய கருவி வேலை செய்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தனியே போகத் தயங்கினால் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். உடன் வர ஆள் இருக்கிறது. ஆசிரியர்களுக்கும் சொல்கிறோம். உங்கள் குறையைச் சுற்றறிக்கைக்குப் பயந்து உள்ளே வைத்துப் புழுங்க வேண்டாம். உங்கள் அமைப்புகள் தெருவுக்கு வரும்போது பெற்றோரையும் அழையுங்கள். உங்கள் வேலைச்சுமையும் எங்கள் பிள்ளைகளின் படிப்பும் ஒரே கோரிக்கையின் இரு பக்கங்கள். அதைச் சேர்ந்தே கேட்போம்.